ஆளே இல்லாத ஏழேகால் வண்டி

நான் பார்க்கும் வேலையை என் வீட்டார் யாருக்கும் இதுவரை புரியவைக்க முடிந்ததில்லை. "எந்தங்கச்சி கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்டுறா" என்று அக்கா தன் ஊரில் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் மறுப்பதை விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் பெரிய தப்பும் இல்லை.

திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தின் மாடியில் எனக்கு ஒரு மேசை உண்டு. ஜன்னல் வழியாக மலைக்கோட்டை பாதி தெரியும். மீதியை ஒரு துணிக்கடையின் விளம்பரப் பலகை மறைத்துவிட்டது. பதினொரு மணிக்குக் கீழேயிருக்கும் பிரியாணிக் கடையில் தம் உடைக்கும் வாசனை மேலே வரும். அதன் பிறகு ஒரு மணி வரை எங்கள் மாடியில் யாருக்கும் வேலை ஓடாது, எனக்குச் சுத்தமாக ஓடாது.

வேலை இதுதான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் தன் கை மெஷினில் ஒரு டிக்கெட்டைக் கிழித்தால், அந்தத் தகவல் சில நொடிகளில் கிளவுடுக்குப் போய்விடும். கிளவுட் என்றதும் எல்லோரும் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார்கள். அது மேலே இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் ஏசி போட்டு அடுக்கி வைத்திருக்கும் கணினிகள்தான். பஸ் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று ஜிபிஎஸ் கருவியும் தன் பங்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் சேரும் தகவலைக் காகிதத்தில் அச்சடித்தால் எங்கள் மாடி தாங்காது. இதையெல்லாம் அள்ளி அலசும் மென்பொருள் யாரும் திறந்து பார்க்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. எந்தக் கம்பெனியிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உள்ளே என்ன விதி ஓடுகிறது என்று வரி வரியாகப் படிக்கலாம், தேவையானால் திருத்தலாம். படிக்கலாம் என்பதற்காக யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். நானும் படித்ததில்லை.

மாதம் ஒரு முறை, ஆள் குறைவாக ஏறும் டிரிப்புகளைக் கணினி சிவப்பு வரிசையாகக் காட்டும். ஊருக்கு வெளியே புதிதாக வீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கிருப்பவர்கள் பஸ் கேட்டு மனு மேல் மனு போடுகிறார்கள். புது பஸ் வானத்திலிருந்து விழாது. காலியாக ஓடும் டிரிப்பை எடுத்துத்தான் இவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எதை எடுக்கலாம் என்று பரிந்துரை எழுதுவது நான். அந்த மாதம் பட்டியலில் முதலாவதாக வந்த டிரிப்பில் சராசரியாக மூன்றே மூன்று பயணிகள். டெப்போ எண், டிரிப் எண், கிளம்பும் நேரம் ஆறு ஐம்பது. இவ்வளவுதான் திரையில் இருந்தது. மூன்று பேருக்கு ஒரு பஸ்ஸா என்று எனக்கு எரிச்சல் வந்தது. 'நிறுத்தலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போனேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறாள். அத்தான் ஸ்பின்னிங் மில்லில் காலை ஷிஃப்டுக்குப் போய்விடுவதால் பூவைப் பறிப்பதும் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதும் அவள் பாடு. பரிந்துரை அனுப்பிய இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு.

"இன்னும் செத்த வெஞ்சனம் வச்சுக்க" என்று பொரியலைத் தள்ளிவிட்டவள், தன் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்க ஏழேகால் வண்டிய நிப்பாட்டப் போறாகளாம்டி."

"யார் சொன்னா?"

"கண்டக்டரு தம்பிதான் சொன்னாரு. ஆறு அம்பதுக்குக் கெளம்பி ஏழேகாலுக்கு நம்மூருக்கு வரும்ல, அதுதான். எவனோ திண்டுக்கல் ஆபீசுல ஒக்காந்துகிட்டு, பஸ்ஸுல ஆளே இல்லைன்னு எழுதிட்டானாம். அவனுக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? அந்த வண்டிய விட்டா அடுத்தது ஒம்போதரைக்கு. அதுக்குள்ள மொட்டு வாயைத் தொறந்துரும். விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்? நாங்க இம்புட்டுப் பேரும் வயித்துல ஈரத்துணியப் போட்டுக்கிற வேண்டியதுதான்."

எனக்குப் புரையேறிவிட்டது. அவள் என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அந்த 'எவனோ'வை ஐந்து நிமிடம் வைது தீர்த்தாள். நான் தட்டை விட்டு நிமிரவில்லை. அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்காவுக்குப் பயந்து பொய் சொன்ன நாட்கள் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் அவளோடு பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று பேர் என்றுதானே கணினி சொன்னது? எங்கள் நிறுத்தத்தில் மட்டுமே பதினாறு பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஈரத்துணி சுற்றிய பூப்பை. பஸ் வந்தபோது உள்ளே ஏற்கெனவே உட்கார இடமில்லை. மல்லிகை வாசனை தலையைச் சுற்ற வைத்தது. நான் முன்னாலும் பின்னாலும் எட்டிப் பார்த்து எண்ணினேன். ஐம்பத்து நான்கு பேர், என்னைச் சேர்க்காமல்.

கண்டக்டர் மூன்றே மூன்று டிக்கெட் கிழித்தார். மூன்றும் ஆண்களுக்கு. பெண்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் டிக்கெட் உண்டு. காசில்லாத டிக்கெட்டை எல்லோருக்கும் கிழித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் முறை. ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார். பதிலை எனக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மா சொன்னார்.

"நாங்கதான் வேணாம்னோம் தாயி. காசே வாங்கல, பெறகு எதுக்குக் காயிதத்த வீணாக்கணும்?"

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஒரு நாள் வழியில் மெஷினில் பேப்பர் ரோல் தீர்ந்துபோயிருக்கிறது. மாற்று ரோல் மாட்டப் போனால் அது சிக்கிக்கொண்டது. கண்டக்டர் அதோடு மல்லுக்கட்டி முடிக்கும்வரை வண்டி ஓரமாக நின்றிருக்கிறது. மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது பூவெல்லாம் பல்லைக் காட்டிவிட்டது. அன்றைக்கே பெண்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். இனிமேல் நமக்கு டிக்கெட் வேண்டாம், தம்பிக்கும் சிரமம் வேண்டாம், சர்க்கார் காகிதமும் மிச்சம். எல்லோருக்கும் நல்லது செய்துவிட்ட திருப்தியோடு அன்றிலிருந்து அப்படியே பயணம் செய்துவருகிறார்கள்.

"உள்ள போகணும்னா பூப்பைய மிதிச்சுக்கிட்டுத்தான் போகணும் மேடம்" என்றார் கண்டக்டர். "அவுகளும் வேணாங்குறாக. நானும் சரின்னு விட்டுட்டேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. "டிக்கெட் கிழிச்சாத்தான் நீங்க பஸ்ல ஏறுனதே ஆபீசுக்குத் தெரியும்!" என்று கத்தினேன்.

"ஏறுனது எங்களுக்குத் தெரியும்ல?" என்றாள் ஒருத்தி.

"டிரைவரு செத்தத் திரும்பிப் பாத்தா அவருக்குந் தெரியப் போகுது" என்றாள் இன்னொருத்தி. பஸ்ஸே சிரித்தது.

நானும் விடவில்லை. நிலக்கோட்டை வரும்வரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கிளவுடைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். மெஷினிலிருந்து தகவல் எப்படிப் போகிறது, எங்கே சேர்கிறது, சேர்ந்ததை வைத்து எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று சொன்னேன். யார் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் அக்காதான் வழிக்குக் கொண்டுவந்தாள். "ஏய், பேசாம வாங்குங்கடி. வண்டி வேணுமா வேணாமா?" அவ்வளவுதான், கைகள் நீண்டன. என் அரை மணி நேரப் பிரசங்கத்துக்கு ஆகாதது அந்த ஒரு வரிக்கு ஆனது.

மறுநாள் முதல் அந்த டிரிப்பில் பயணிகள் ஐம்பதுக்கு மேல் ஏறினார்கள். திரையில் அதைப் பார்த்து நான் பிரியாணிக் கடைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். என் சந்தோஷம் நான்கு நாள்தான் நீடித்தது. ஐந்தாம் நாள் அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் முளைத்தது. மூன்று பேர் ஏறிக்கொண்டிருந்த வண்டியில் ஒரே நாளில் ஐம்பது பேர் எப்படி வந்தார்கள் என்று கணினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆள் ஏறாமலேயே இலவச டிக்கெட்டைக் கிழித்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறாரோ என்று கண்டக்டரிடம் விளக்கம் கேட்டுக் கடிதமும் போய்விட்டது.

கண்டக்டர் அக்காவிடம் நம்பர் வாங்கி எனக்குப் போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மேடம், டிக்கெட் குடுக்காட்டியும் தப்பு, குடுத்தாலும் தப்பா? எனக்கு எது சரின்னு மட்டும் சொல்லிருங்க" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் அக்கா பூவுக்கு உலை வைத்தேன். அதைச் சரிசெய்யப் போய் இந்த மனிதர் வேலைக்கும் உலை வைத்துவிட்டேன். மறுவாரம் ஆய்வுக் கூட்டம். அதில் வண்டியை நிறுத்த முடிவாகிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அப்போதுதான் இத்தனை வருடமாகச் செய்யாத ஒன்றைச் செய்தேன். மென்பொருளைத் திறந்து விதிகளை வரி வரியாகப் படித்தேன். நாற்பதாவது வரியோ ஐம்பதாவது வரியோ, அங்கே உட்கார்ந்திருந்தது விஷயம். எத்தனை டிக்கெட்டோ அத்தனை பயணி. டிக்கெட் இல்லையென்றால் ஆள் இல்லை. யார் எழுதியதோ தெரியாது. அவர்மீது குற்றமும் இல்லை. இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் ஐம்பது பெண்கள் ஒரே பஸ்ஸில் வருவார்கள் என்று யார்தான் நினைத்துப் பார்ப்பார்கள்?

டிக்கெட்டை நம்ப முடியாது. அப்படியென்றால் அவர்கள் ஏறினார்கள் என்பதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது? இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகு ஜிபிஎஸ் தகவலை இழுத்துப் போட்டேன். போன வருடத்திலிருந்து அந்த வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்தேன். அக்கா ஊரில் பெரும்பாலும் மூன்று நிமிடம், சில நாள் நான்கு. அடுத்த ஊரிலும் அப்படித்தான். ஆளே ஏறாத ஊரில் ஒரு பஸ் எதற்கு நான்கு நிமிடம் நிற்க வேண்டும்? பூப்பையோடு பதினாறு பெண்கள் ஏற வேண்டுமென்றால் நிற்கத்தான் வேண்டும்.

இன்னும் தோண்டினேன். மார்கழியிலும் தையிலும் வண்டி நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்திருந்தது. பங்குனியில் கூடி, சித்திரையில் உச்சத்துக்குப் போயிருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பனி மாதத்தில் மல்லிகை வரத்து குறையும், வெயில் ஏற ஏறக் கூடும். எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மல்லிகை பூப்பதும் ஓய்வதும் அந்தப் பஸ் நின்ற நிமிடங்களில் அப்படியே பதிவாகியிருந்தது. நானாக உட்கார்ந்து இட்டுக்கட்டினாலும் இவ்வளவு பொருத்தமாக வராது. அத்தனை நாளும் அது கிளவுடில் கிடந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் அதுவும் சொல்லவில்லை.

மற்ற சிவப்பு வரிசைகளையும் இதே மாதிரி பார்த்தேன். எல்லாவற்றிலும் கணினி தப்பு செய்யவில்லை. அய்யலூர்ப் பக்கம் ஒரு வண்டி நிஜமாகவே காலியாகத்தான் ஓடியது. ஆட்டுச் சந்தையன்று மட்டும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிருந்தது. 'சந்தை நாள் தவிர மற்ற நாட்களில் நிறுத்தலாம்' என்று எழுதினேன்.

கூட்டத்தில் என் மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, பஸ் நின்ற நிமிடங்களை வைத்து நான் போட்டிருந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும் மனிதர், எதையும் லேசில் நம்ப மாட்டார்.

"நிறுத்தலாம்னு எழுதுனது நீங்கதானே?"

"ஆமா சார். தப்பு என்னோடதுதான். விதியைப் படிக்காம எழுதிட்டேன்."

"இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"எங்க அக்கா அந்தப் பஸ்லதான் சார் போறாங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "படம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் காலையில நேர்ல பாத்துருவோம்" என்றார்.

அக்காவுக்குப் போன் செய்து பெரிய அதிகாரி வருகிறார் என்று மட்டும் சொன்னேன். செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "எந்தங்கச்சிதான் வண்டிய மீட்டுக் குடுக்கப் போறா" என்று வேறு அவள் சொல்லி வைத்திருக்கிறாள். காலையில் நானும் மேலதிகாரியும் ஆபீஸ் ஜீப்பில் போய் நிறுத்தத்தில் இறங்கியதும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பாராட்டையெல்லாம் திருடி மாதிரி வாங்கிக்கொண்டேன்.

பஸ் வந்தது. மேலதிகாரிக்கு ஜன்னலோர இருக்கையைக் காலி செய்து கொடுத்தார்கள். கண்டக்டர் ஒழுங்காக ஒவ்வொருத்தருக்காகக் கிழித்துக்கொண்டு வந்தார். பெண்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி டிக்கெட்டை உயர்த்திப் பிடித்துக் காட்டினார்கள். மேலதிகாரி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்தார். கண்டக்டர் அவரிடம் போய் "சார், டிக்கெட்" என்றதுதான் தாமதம், பஸ்ஸே சீறியது.

"ஏய் தம்பி, அறிவிருக்கா ஒனக்கு? நம்மூருக்கு வந்த மனுசன்கிட்டப் போய் டிக்கெட் கேக்குற?"

"அவருக்கெல்லாம் கிழிக்காதப்பா. பேசாம நகரு!"

கண்டக்டர் மெஷினும் கையுமாக விழித்தார். மேலதிகாரி அவரைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புரிஞ்சுருச்சும்மா. எப்படி மூணு டிக்கெட் ஆச்சுன்னு நல்லாவே புரிஞ்சுருச்சு" என்றார். பிறகு காசை நீட்டித் தன் டிக்கெட்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். வண்டி ஓடும், கண்டக்டருக்குப் போன கடிதமும் ரத்து என்று அங்கேயே சொல்லிவிட்டார். பூப்பைகளுக்கு நடுவில் அப்படி ஒரு கைதட்டல்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் நல்ல மனநிலையில் இருந்தார். என்னைக் கைகாட்டி, "இந்த வண்டிய நிறுத்தச் சொல்லி எழுதுனதும் இவங்கதான், நிறுத்தக் கூடாதுன்னு சண்டை போட்டதும் இவங்கதான்!" என்றார். அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் சத்தம் அடங்கியது. ஐம்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. மடியிலிருந்த பூப்பையின் ஈரத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.  நிலக்கோட்டையில் இறங்கி எனக்கு முன்னால் விறுவிறுவென்று மார்க்கெட்டுக்கு நடந்தாள். அவள் தராசில் பூவைப் போடுவதையும், சீட்டு வாங்குவதையும், காலிப் பையை உதறி மடிப்பதையும் பார்த்துக்கொண்டு நான் பின்னாலேயே நின்றேன். வைதுவிட்டால்கூடத் தேவலை போலிருந்தது.

"அக்கா, அது உன் வண்டின்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் திரும்பினாள். கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் முகத்தில் வருத்தம்தான் இருந்தது.

"பத்து வருசத்துக்கு மேலயா இந்த வண்டியிலதாண்டி போறேன். நீயும் நானும் தெனமும் சாயங்காலம் போன்ல பேசுறோம். பஸ்ஸப் பாக்குறதுதான் ஒன் வேலை. பூவ எதுல கொண்டு போறக்கான்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கியா?"

அந்த மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் நின்று எவ்வளவு யோசித்தும், கேட்டதாக ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் முடியவில்லை. அவள் காலிப் பையால் என் தோளில் ஓர் அடி வைத்தாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன். "இப்ப வீட்டுக்கு எதுலக்கா போவ?"

"ஷேர் ஆட்டோவுல" என்றாள். சிரிப்பை அடக்கியபடி, "அது ஒன் கம்ப்யூட்டர்ல வராது, வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆட்டோவில் ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள். எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள்.